இடுப்பெலும்பும் இறைப்பெயரும்

இடுப்பு! சொல் சிறிது, அது சுமப்பதோ பெரிது. குடத்தைத் தாங்குவதும் அதுதான், குழந்தையைத் தாங்குவதும் அதுதான். நாளெல்லாம் குனிந்து நாற்று நடும் உழைப்பாளியின் நோவு குடியிருக்கும் இடமும் அதுதான். புதியதோர் உயிரை உலகுக்குத் தரும் தாய் துடிதுடிக்கும் இடமும் அதுதான். 'இடுப்பு வலி கண்டுவிட்டது' என்று ஒரு வீட்டில் குரல் எழுந்தால், எந்த இடுப்பு, என்ன வலி என்று எவரும் கேட்பதில்லை. அந்த இரண்டு சொற்களில் பிறப்பும் அடங்கிக் கிடக்கிறது. சில வேளைகளில் இறப்பும் அடங்கிக் கிடக்கிறது.

இந்த உறுப்புக்குத் தமிழர் இட்ட பெயர்களைப் பாருங்கள். உடலின் இடையில் இருப்பதால் இடை. உடலைப் பாதியாகப் பிரிக்கும் இடமாதலால் அரை. மருங்குல் என்றும் நுசுப்பு என்றும் புலவர்கள் பாடினர். பெயரிலே அச்சமில்லை, அருளுமில்லை; இருக்கும் இடத்தைச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால், பெயரிலே இருந்த தெளிவு பழக்கத்திலே இருந்ததா? அதே அரையில் அரைஞாண் கட்டினோம்; அரைஞாணில் தாயத்தைக் கோத்தோம்; தாயத்துக்குள் மந்திரத்தை அடைத்தோம்! பெயர் தெளிவாக இருந்தும் மனம் மருண்டது நமது கதை. மனம் மருண்டு பெயரையும் மருட்டி வைத்தது மேல்நாட்டின் கதை. அந்தக் கதையைத்தான் இன்று எடுத்துக் கொள்கிறோம். பிறர் மூடத்தனத்தைக் கண்டு சிரித்து மகிழ அல்ல. அவர்கள் அதிலிருந்து எப்படி மீண்டனர், எதில் இன்னும் மீளவில்லை என்று அறிந்து, நம்மை நாமே எடைபோட்டுக் கொள்ள.

முதுகெலும்புத் தொடரின் அடியில், இரண்டு இடுப்பெலும்புகளுக்கும் நடுவே, ஆப்புப் போலச் செருகி நிற்கிறது ஒரு முக்கோண எலும்பு. சிறு வயதில் தனித்தனியாக இருக்கும் ஐந்து முள்ளெலும்புகள், வளர வளர ஒட்டி, இருபத்தைந்து வயதளவில் ஒன்றாகிவிடும். மேலுடலின் சுமையெல்லாம் அதன் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. வீட்டுக்கு மூலைக்கல் எப்படியோ, உடலுக்கு அந்த எலும்பு அப்படி. உழைக்கும் எலும்பு! அதற்கு மேல்நாட்டார் வைத்த பெயர் என்ன? 'ஓஸ் சாக்ரம்' என்றனர் இலத்தீனில். பொருள், புனித எலும்பு. கிரேக்கர் 'ஹியரான் ஒஸ்டியான்' என்றதன் மொழிபெயர்ப்பு அது. டச்சு மொழியும் அதைப் புனித எலும்பு என்றே அழைக்கிறது. செர்மானியரோ சிலுவை எலும்பு என்கின்றனர்!

இருநூற்றுக்கு மேற்பட்ட எலும்புகளிலே இது ஒன்றுக்கு மட்டும் புனிதம் எங்கிருந்து வந்தது? மண்டை ஓட்டுக்கு இல்லாத மாண்பு, மார்பெலும்புக்கு இல்லாத மகிமை, முதுகின் அடியிலே இருப்பதற்கு ஏன்? விடை தேடியோர் பல காரணங்களைக் கூறினர். தெய்வத்துக்கு விலங்கைப் பலியிடும்போது இந்தப் பகுதியைப் படைத்தனர், அதனால் புனிதம் என்றனர் சிலர். கருவைத் தாங்கும் இடத்துக்குப் பின்புறச் சுவராக இருப்பதால் புனிதம் என்றனர் வேறு சிலர். 'ஹியரான்' என்ற சொல்லுக்கு வலிமை மிக்கது, பெரியது என்ற பழம்பொருளும் உண்டு. பெரிய எலும்பு என்றுதான் கிரேக்கர் சொன்னார்கள், இலத்தீனாக்கியவர்கள் புனிதமாக்கிவிட்டனர் என்று வாதிட்டோரும் உளர். இந்த மூன்றாம் காரணம் மெய்யானால், என்னே விந்தை! ஒரு மொழிபெயர்ப்பு, எலும்பைக் கோயிலாக்கிவிட்டது!

எலும்பில் ஏற்றிய புனிதம் பெயரோடு நிற்கவில்லை. யூதர்களின் பழைய மறையுரைகளில் 'லூஸ்' என்ற எலும்பைப் பற்றிய கதை வருகிறது. உரோமப் பேரரசன் ஆட்ரியன், யோசுவா என்ற மதகுருவிடம் கேட்டானாம்: 'செத்தவன் மீண்டும் எழுவான் என்கிறீரே, எதிலிருந்து எழுவான்?' முதுகெலும்பிலுள்ள லூஸிலிருந்து எழுவான் என்றாராம் அவர். திரிகையில் இட்டனர், அரைபடவில்லை. நெருப்பில் இட்டனர், வேகவில்லை. நீரில் இட்டனர், கரையவில்லை. பட்டடைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்தனர், சம்மட்டி உடைந்தது, எலும்பு உடையவில்லை! இப்படிப் போகிறது கதை. இந்த அழியாத எலும்பு எங்கே இருக்கிறது? முதுகெலும்பின் உச்சியில் என்றனர் சிலர். அடியில், இடுப்பருகே என்றனர் சிலர். அழியாதது என்று அறிந்தவர்களுக்கு, அது இருக்கும் இடம் மட்டும் உறுதியாகத் தெரியவில்லை!

நம்பிக்கை ஒருபுறம் இருக்க, மருத்துவர்களாவது எலும்பை எடுத்து எண்ணிப் பார்த்தார்களா என்றால், அங்கேயும் ஏமாற்றமே காத்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் கேலன். கிரேக்க மருத்துவப் பேரறிஞர். அவருடைய உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மனித உடலை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்தார், ஆராய்ந்தார், எழுதினார். புனித எலும்பு மூன்று முள்ளெலும்புகளின் கூட்டு என்றது அவர் நூல். குரங்குக்கு அது பொருந்தும், மனிதனுக்குப் பொருந்தாது. பிழை செய்தது கேலனின் குற்றம் அன்று. அந்தப் பிழையை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் பாடம் படித்தார்களே, அதுதான் குற்றம்! பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து கேலனின் நூலைப் படிப்பார். கீழே நாவிதர் பிணத்தை அறுப்பார். மாணவர் சுற்றி நின்று கேட்பர். நூல் மூன்று என்று சொல்லும், கண்ணெதிரே ஐந்து கிடக்கும். கண்ணைச் சந்தேகித்தனரே தவிர, நூலைச் சந்தேகித்தார் இல்லை!

அந்த இருக்கையிலிருந்து ஒரு இளைஞர் இறங்கி வந்தார். பெயர் ஆன்திரியாஸ் வெசாலியஸ். பிறந்தது 1514-இல், பிரசல்ஸ் நகரில். மாணவராக இருந்த நாளிலேயே, ஊருக்கு வெளியே தூக்குமரத்தில் தொங்கிய எலும்புக்கூட்டை இரவில் எடுத்து வந்து ஆராய்ந்தவர். பதுவாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானதும், நாவிதரிடமிருந்து கத்தியைத் தம் கையில் வாங்கினார். அறுத்தார், எண்ணினார், எழுதினார். 1543-இல், தம் இருபத்தெட்டாம் வயதில், பாசெல் நகரில் அச்சேற்றினார் 'மனித உடலின் அமைப்பு' என்ற பெருநூலை. புவி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கசின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஒருவர் வானத்தை நேராக்கினார். மற்றவர் முதுகெலும்பை நேராக்கினார்!

வெசாலியஸ் நாத்திகர் அல்லர்; கடவுள் நம்பிக்கை உடையவர்தாம். ஆயினும் எலும்பை எண்ணும்போது எண்ணிக்கையை மட்டுமே நம்பினார். உயிர்த்தெழவைக்கும் எலும்பு பற்றிய கதையையும் குறிப்பிட்டு, அந்த வழக்கை மதவாதிகளிடமே விட்டுவிடுவதாக எழுதி நகர்ந்தார். அந்த மரியாதைக்குள்ளே எவ்வளவு நகை ஒளிந்திருக்கிறது!

பழைமை விட்டுவிடுமா? பாரிசில் அவருடைய ஆசிரியராக இருந்த சில்வியஸ், சீறி எழுந்தார். 1551-இல் ஒரு கண்டன நூல் வெளியிட்டு, தம் மாணவரைப் பித்தர் என்று ஏசினார். கேலன் எழுதியது தவறல்ல, கேலன் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது என்பது அவர் தரப்பு வாதம்! தோழர்களே, இந்த வாதத்தை எங்கோ கேட்டது போல் இருக்கிறதல்லவா? நூலுக்கும் உண்மைக்கும் முரண் வந்தால், நூல் சரி, உலகம் தவறு! ஏடு பொய்க்காது, எலும்புதான் பொய்த்துவிட்டது! மொழி வேறு, நாடு வேறு, நூற்றாண்டு வேறு. பழைமையின் வாதம் மட்டும் எங்கும் ஒன்றே.

புனிதத்தை விட்டுப் பேய்க்கு வருவோம். குனிந்து எதையோ எடுக்கும் ஒருவர், திடீரென்று 'ஐயோ' என்று கத்தி, நிமிர முடியாமல் நின்றுவிடுகிறார். 'குறுக்குப் பிடித்துக்கொண்டது' என்கிறோம் நாம். செர்மானிய மொழியில் அதற்கு வழங்கும் பெயர், 'சூனியக்காரியின் அம்பு'! கண்ணுக்குத் தெரியாத சூனியக்காரி எய்த அம்பு இடுப்பில் தைத்தது என்று எண்ணிய காலத்தின் பெயர் அது. சூனியக்காரிகள் என்று முத்திரை குத்தி ஆயிரக்கணக்கான பெண்களைத் தீயிலிட்ட கண்டத்தில், இப்பெயரை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட இயலுமா? ஒருவரின் இடுப்பு வலிக்கு இன்னொருத்தியின் உயிர் விலையாகக் கூடிய காலம் இருந்தது!

அம்பு எங்கே இருக்கிறது என்று தேடியவர்கள் மருத்துவர்கள். தசைப் பிடிப்பு பெரும்பாலோர்க்குக் காரணம். வலி இடுப்பில் தொடங்கிக் காலுக்கு மின்னலென இறங்குமானால், அதற்கு வேறொரு காரணமும் உண்டு என்று 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன; அவற்றுள் ஒன்று கிழிந்து பிதுங்கி நரம்பை நெருக்குகிறது; அதுவே வலி. அம்பும் இல்லை, எய்தவளும் இல்லை. இங்கோ, இரட்டையராய்ப் பிறந்தவர் நீவினால் சுளுக்குப் போகும் என்று ஆள் தேடி அலையும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை!

இனி, தாயின் இடுப்புக்கு வருவோம். இந்த வரலாற்றின் கண்ணீர்ப் பக்கம் இதுதான். குழந்தை பிறக்கும் வழி, எலும்பாலான ஒரு வளையம். பின்புறம் புனித எலும்பு, இருபக்கமும் இடுப்பெலும்புகள், முன்புறம் அவை கூடும் பொருத்து. இலத்தீனில் இதன் பெயர் 'பெல்விஸ்'. வெறும் தொட்டி, கிண்ணம் என்று பொருள். பின்னிருந்து முன்னாக அந்த வாயிலின் அளவு பொதுவாக 11 செண்டிமீட்டர் அளவு. குழந்தையின் தலை அதற்குள் திரும்பித் திரும்பி வெளிவர வேண்டும். ஒன்றிரண்டு செண்டிமீட்டர் குறைந்தால்? பல நாள் துடித்துத் தாய் மடிவாள், சேய் மடியும், சில வேளை இருவரும் மடிவர்.

ஏன் குறைகிறது? 'வேதனையோடே பிள்ளை பெறுவாய்' என்று ஏவாளுக்கு இட்ட சாபம் என்றது மதம். எலும்பை அளந்தவர்கள் வேறு விடை தந்தனர். 1701-இல் ஆலந்து நாட்டு மருத்துவர் தெவெந்தர், கோணிய இடுப்பு பேற்றைத் தடுப்பதை விளக்கினார். 1752-இல் இலண்டனில் சுமெல்லி, விரலாலேயே அந்த வழியை அளக்கும் முறையை எழுதினார். கோணுவதற்குக் காரணம் என்ன? கணை நோய் என்னும் எலும்பு மெலிவு நோய். குழந்தைப் பருவத்தில் எலும்பு இறுகாமல் மெத்தென்று இருக்க, மேலுடலின் சுமை அழுத்த, புனித எலும்பு முன்னோக்கிச் சரிந்து வழியை அடைத்துவிடுகிறது. ஆம்! எந்த எலும்புக்குப் புனிதம் என்று பெயர் சூட்டினரோ, அந்த எலும்பே எத்தனையோ தாய்மாருக்கு எமனாக நின்றது!

அந்த நோய் யாரைத் தாக்கியது? ஆலைப் புகை மூடிய நகரங்களின் இருண்ட சந்துகளில், வெயில் காணாத வீடுகளில், சத்தற்ற உணவு உண்டு வளர்ந்த ஏழை வீட்டுச் சிறுமிகளை! 1919-இல் பெர்லின் மருத்துவர் உல்சின்ஸ்கி, புற ஊதாக் கதிர் விளக்கொளியில் இந்நோய் கண்ட குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டினார். 1922-இல் மெக்காலம் அந்த நோயைத் தடுக்கும் உணவுச் சத்தைப் பிரித்தறிந்து, 'வைட்டமின் டி' என்று பெயரிட்டார். சாபம் என்றார்களே, அதற்கு மாற்று எது? வெயில்! மீனெண்ணெய்! வறுமையைச் சாபம் என்று சொல்லிவிட்டால், வறுமைக்குக் காரணமானவர்கள் தப்பிக்கொள்ளலாம் அல்லவா?

1888-இல் கிளாஸ்கோ நகரில், இந்நோயால் இடுப்பு குறுகிப்போன ஒரு பெண், பிள்ளை பெற வழியின்றித் தவித்தாள். மர்டாக் கேமரன் என்ற மருத்துவர், தூய்மை முறைகளைக் கைக்கொண்டு வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தார். தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது. அந்தக் குழந்தைக்குச் சூட்டிய பெயர் சீசர் கேமரன்! அறுவைக்குச் சீசர் பெயர், அறுத்துக் காத்தவருக்குக் கேமரன் பெயர். அந்தத் தாய் நன்றி சொன்ன இடம் எது என்று அந்தப் பெயரே சொல்லும்.

வலியைத் தணிக்க முயன்றபோதும் வேதம் குறுக்கே வந்தது. 1847-இல் எடின்பரோவில் சிம்சன், பேற்று வலிக்குக் குளோரோபாம் தந்தார். இறைவன் விதித்த வலியை மனிதன் அகற்றலாமா என்று முணுமுணுப்பு எழுந்தது. எழும் என்று எதிர்பார்த்தே அவ்வாண்டிலேயே விடை எழுதினார் சிம்சன். வேதம் சொல்லும் சொல்லுக்கு உழைப்பு என்றுதான் பொருள், வலி என்றல்ல என்றார். ஆதாமின் விலாவை எடுக்குமுன் ஆண்டவனே அவனை ஆழ்ந்து தூங்கவைக்கவில்லையா என்றும் கேட்டார்! 1853-இல் விக்டோரியா அரசி தம் பேற்றுக்குக் குளோரோபாம் ஏற்றதும் முணுமுணுப்பு அடங்கலாயிற்று. ஏழைப் பெண்ணின் வலிக்கு வேதம் விலகவில்லை. அரசியின் வலிக்கு விலகிற்று!

புனிதம் கண்டோம், சூனியம் கண்டோம், சாபம் கண்டோம். இன்னும் ஒன்று உண்டு, அது வெட்கம். அதே இடுப்புக்கூட்டின் அடியில் உள்ள பெண்ணின் பிறப்புறுப்புக்கு இலத்தீன் மருத்துவம் வைத்த பெயர் 'புடெண்டம்'. வெட்கப்பட வேண்டியது என்று பொருள்! 1895-இல், வெசாலியசின் நூல் அச்சான அதே பாசெல் நகரில், உடற்கூற்று அறிஞர்கள் கூடினர். வழக்கிலிருந்த ஏறத்தாழ 50,000 பெயர்களைக் களைந்து, சுமார் 5,000 பெயர்களாகச் சுருக்கினர். அவ்வளவு களையெடுத்தும், அந்த வெட்கப் பெயர் பெண்ணுக்கு மட்டும் தங்கிவிட்டது. 1998-இல் வெளியான உலகப் பெயர்ப் பட்டியலிலும் இருந்தது. 2019-இல் வந்த பட்டியலில்தான் அது நீக்கப்பட்டது. ஆயினும் அதே வேரில் பிறந்த நரம்பின் பெயர் இன்னும் நிற்கிறது.

'பெயரில் என்ன இருக்கிறது? புனித எலும்பு என்பதையும் நீக்கச் சொல்வீர்களா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் சொல்வது இதுதான். செத்த நம்பிக்கையின் பெயர் வேறு. உயிரோடிருக்கும் நம்பிக்கையின் பெயர் வேறு. புனித எலும்பு என்று சொல்லிக்கொண்டே மருத்துவர் அதைக் கதிர்ப்படம் எடுக்கிறார், அறுக்கிறார், ஆணி வைத்து இணைக்கிறார். அந்தப் பெயர் எவர் கையையும் தடுப்பதில்லை. தமிழிலும் திருவெலும்பு என்று எழுதுகிறோம். எவரும் அதற்குச் சூடம் காட்டுவதில்லை. அது கல்லாய்ப்போன பெயர்; காட்சிச்சாலையில் இருந்துவிட்டுப் போகட்டும். வெட்கம் என்ற பெயர் அப்படியா? அது இன்றும் வாயைக் கட்டுகிறது. வெள்ளைப்படுதல், கருப்பை இறக்கம், தீராத அடிவயிற்று நோவு. இவற்றைக் கணவனிடம் சொல்ல நாணி, மருத்துவரிடம் சொல்ல நாணி, நோய் முற்றிய பின் வாய் திறக்கும் தாய்மார் நம் தெருவிலேயே இல்லையா? 'மர்ம உறுப்பு' என்று செய்தித்தாள் எழுதுகிறதே, உயிர் பிறக்கும் வாயிலில் மர்மம் என்ன இருக்கிறது? பிறப்புறுப்பு என்று தமிழிலே தெளிந்த சொல் இருக்க, மர்மம் எதற்கு, மறைப்பு எதற்கு?

தெளிந்த சொல்லைத் தேடிய ஒருவரை இங்கே நினைவுகூர்வது கடமை. 1847-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிரீன், மதம் பரப்பும் சபையால் அனுப்பப்பட்டவர். ஆயினும், மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். கிரே எழுதிய உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-இல் தமிழில் வெளியிட்டார். தலைப்பில் வடசொல் மிகுதிதான். அது அக்கால வழக்கு. ஆனால் எலும்பின் பெயர் தமிழ் மாணவன் நாவில் தமிழாய் ஏற வேண்டும் என்று எண்ணினாரே, அதை மறப்பதற்கில்லை. அந்நியர் எண்ணினார், நாம் எண்ண வேண்டாமா?

அந்த முக்கோண எலும்பின் நுனியில், குயிலின் அலகைப் போல ஒரு சிறு எலும்பு வளைந்து நிற்கிறது. கிரேக்கர் அதற்குக் குயிலின் பெயரையே வைத்தனர். வால் எலும்பு என்கிறோம் நாம். மறைந்துபோன வாலின் எச்சம் அது என்று 1871-இல் டார்வின் எழுதினார். புனித எலும்பின் காலடியிலேயே வால் எலும்பு! ஆண்டவன் சாயலில் படைக்கப்பட்டோம் என்று நிமிரும் மனிதனைப் பார்த்து, வந்த வழியை மறவாதே என்று அது ஒவ்வொரு முறை உட்காரும்போதும் உணர்த்துகிறது.

தோழர்களே! எலும்புக்குப் புனிதமும் இல்லை, உறுப்புக்கு வெட்கமும் இல்லை. இடுப்பு நிமிர வேண்டுமானால், முதலில் அதைப் பற்றிப் பேசும் நா நிமிர வேண்டும். இன்று இரவே உங்கள் வீட்டுத் தாயிடம், தமக்கையிடம், துணைவியிடம் கேளுங்கள்: 'இடுப்பு நோவு இருக்கிறதா? எத்தனை நாளாய்? மருத்துவரிடம் போவோமா?' வெசாலியஸ் கையில் எடுத்த கத்தியை விடக் கூரிய கருவி அந்தக் கேள்வி. அதை எடுக்கத் தயங்காதீர்கள்!